மலைமேல் மேகமும் சங்கக் கணக்கும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நாஞ்சில் நாட்டில் வானத்தை ஒரு முறையேனும் நோக்காமல் எவரும் வேலைக்குப் புறப்படுவதில்லை. மகேந்திரகிரியின் முடி தெரிகிறதா, தாடகை மலையின் இடுப்பில் மஞ்சு படர்ந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே உழவர் களத்தில் நெல்லைப் பரப்புகிறார். நெசவாளர் தெருவில் பாவை விரிக்கிறார். இரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி கத்தியை எடுக்கிறார். மூவரும் நோக்குவது ஒரே வானம்தான். ஆயினும் மூவருக்கும் அது ஒரே செய்தியைச் சொல்வதில்லை. அது மட்டுமன்று, பேச்சிப்பாறையில் நிற்பவருக்குச் சொல்லும் செய்தியை அது ஆரல்வாய்மொழியில் நிற்பவருக்குச் சொல்வதுமில்லை.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நம் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்கள் மட்டும் இன்னும் அறிந்தபாடில்லை. கடன் தவணையும், கூலிப் பட்டுவாடாவும், விதை வழங்கும் நாளும் நாட்காட்டியைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகின்றனவேயன்றி, வானத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு சங்கமும் தன் முற்றத்தில் ஒரு மழைமானியும், தன் மேசைமேல் ஒரு மழைப் பேரேடும் வைத்துக்கொள்ளல் வேண்டும். அப்பேரேட்டை ஆதாரமாகக் கொண்டு சில காரியங்களை நடத்தவும் துணிதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. இதன் நியாயம் விளங்க வேண்டுமாயின், நம் மலையில் மேகம் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதற்கண் அறிந்துகொள்ளல் நலம்.

மேகம் பிறக்கும் விதம்

மேகம் நீராவி என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. நீராவி கண்ணுக்குப் புலப்படாதது. கொதிக்கும் கெண்டியின் மூக்கை உற்றுநோக்கினால், மூக்கை ஒட்டிய விரற்கடை இடம் வெறுமையாகத் தோன்றும். அதற்கப்பால்தான் வெண்புகை தோன்றும். வெறுமையாகத் தோன்றும் இடத்தில் இருப்பதே ஆவி. வெண்புகையாகத் தோன்றுவது ஆவி குளிர்ந்து திரண்ட நுண்துளிகள். மேகமும் அத்தகைய நுண்துளிகளின் கூட்டமேயாம்.

ஆவி குளிர்வதற்கு உயரமே காரணம். கடலிலிருந்து வரும் காற்று மலையின் சரிவில் முட்டி மேலேறும்போது, மேலே செல்லச் செல்ல அதன் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையவே காற்று விரிகிறது, விரியவே குளிர்கிறது. சைக்கிள் சக்கரத்தின் காற்றைத் திறந்துவிடும்போது விரலில் குளிர்ச்சி தட்டுவதும் இக்காரணத்தாலேயே. இவ்வாறு மேலேறும் காற்று, மேகமாகாத வரையில், 1,000 மீட்டர் உயர்வுக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கொள்ளக்கூடிய ஆவியின் அளவு குறைவு. ஆதலின் ஓர் எல்லைக்கு வந்ததும் மிஞ்சிய ஆவி துளியாகத் திரள்கிறது. அவ்வெப்ப நிலையைப் பனிநிலை என்பர்.

இதிலிருந்து எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு உண்டு. தரையில் காற்றின் வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரிக்கு 125 மீட்டர் வீதம், மேகத்தின் அடிப்பாகம் மேலே நிற்கும். காலையில் வெப்பம் 30 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்று கொள்வோம். வித்தியாசம் 6, மேகத்தின் அடி சுமார் 750 மீட்டர். மகேந்திரகிரியின் உயரமோ ஏறத்தாழ 1,650 மீட்டர். எனவே மலையின் மேற்பாதி மறைந்துவிடும், கீழ்ப்பாதி தெளிவாயிருக்கும். வித்தியாசம் 2 டிகிரியாகக் குறைந்துவிட்டால் 250 மீட்டரிலேயே மேகம் இறங்கிவிடும். ‘மலை இடுப்புவரை மூடிவிட்டது, மழை உண்டு’ என்று மூத்தோர் கூறுவது, காற்றின் ஈரத்தை மலையையே அளவுகோலாகக் கொண்டு அளந்ததன்றி வேறில்லை.

ஆவி துளியாவதற்குப் பற்றுக்கோடு ஒன்றும் வேண்டும். வெறுங்காற்றில் ஆவி எளிதில் திரள்வதில்லை. தூசி, புகை, கடலலை சிதறும்போது காற்றில் கலக்கும் உப்புத்துகள் ஆகியவற்றின்மீதே அது முதலில் படிகிறது. இதனை 1880-களில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் சோதனைகளால் விளக்கினார். கடல் சூழ்ந்த நம் மாவட்டத்தில் உப்புத்துகளுக்குப் பஞ்சமில்லை. அத்துகள்கள் ஈரத்தை விரும்பி ஏற்பவை. பெரிய துளிகளை விரைவில் உண்டாக்குபவை. மேகத்துளி மிகச் சிறியது; ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து இலட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். பெரிய துளி விழும் வழியில் சிறு துளிகளை விழுங்கிக்கொண்டு பருக்கிறது. சிறு துளிகள் தாமே மழையாவதில்லை, கூடியே மழையாகின்றன. கூட்டுறவாளருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறு வேண்டுவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆவி துளியாகும்போது, தன்னுள் ஒளித்துவைத்திருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வெப்பத்தால் காற்று மேலும் இலேசாகி மேலும் உயர்கிறது. காலையில் பஞ்சுப் பொதிபோலத் தோன்றிய மேகம் பிற்பகலில் கோபுரமாக வளர்ந்து இடிப்பது இதனாலேயே. லண்டனில் மருந்துத் தொழில் செய்துவந்த லூக் ஹாவர்டு என்பவர் 1802-இல் மேகங்களைக் குவியல், படலம், கீற்று என வகுத்துப் பெயரிட்டார். உலகம் இன்றும் அவ்வகுப்பையே கையாள்கிறது. தமிழரோ அதற்கு நெடுங்காலம் முன்பே கொண்மூ, எழிலி, மங்குல், முகில், மஞ்சு எனப் பல பெயர்களை வழங்கிவந்தனர். நீரை முகந்துகொண்டது கொண்மூ. மலையில் தவழ்வது மஞ்சு. மழை என்னும் சொல்லே பழைய தமிழில் மேகத்தையும் குறித்தது. மேகத்தைப் பார்த்து வாழ்ந்த மக்களின் மொழி இது.

மூன்று காலம், மூன்று மேகம்

நம் மாவட்டம் தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டிலும் மழை பெறுவது. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் பலவற்றுக்கு இல்லாத பேறு இது. 1,672 சதுர கிலோமீட்டர் பரப்பேயுள்ள இச்சிறு மாவட்டத்தில் மலையும் கடலும் இவ்வளவு நெருங்கி நிற்பதால், மேகத்தின் குணமும் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவத்தில் காற்று அரபிக் கடலிலிருந்து வருகிறது. மேற்குச் சரிவுகள் அதனை மேலே தள்ளுகின்றன. பேச்சிப்பாறை, பாலமோர், கோதையாறு முதலிய மலைப்பகுதிகளில் தாழ்ந்த சாம்பல் மேகமும் இடைவிடாத சாரலும் நிலவும். பேச்சிப்பாறை அணைக்கு 48 அடியும் பெருஞ்சாணி அணைக்கு 77 அடியும் முழு அளவு. அவை நிரம்புவதற்கு இச்சாரலின் துணை பெரிது. ஆனால் அதே காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும்போது நிலைமை தலைகீழாகிறது. அங்கே காற்றை உயர்த்த மலையில்லை. மலைகளுக்கிடையே வழியே உண்டு. குறுகிய வழியில் காற்று வேகம் கொள்கிறதேயன்றி மேகமாவதில்லை. மலையைத் தாண்டி இறங்கும் காற்றோ இறங்க இறங்க வெப்பமடைந்து உலர்ந்துவிடுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிறைந்திருப்பதும், கணவாய்க்குக் கிழக்கே பனையும் முள்ளும் மிகுந்திருப்பதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

துலா மாதத்துக்குப் பின் வடகிழக்குப் பருவம் நிலைபெறும்போது காற்றின் திசை மாறுகிறது. கொண்டல் வங்கக் கடலிலிருந்து ஈரத்தைக் கொணர்கிறது. அப்போது மேகம் கிழக்கிலிருந்து வரும். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தம் பங்கைப் பெறும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு தோன்றினால் மழை நாட்கணக்கில் நீடிக்கும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களே கணிக்க அரியவை. தென்மேற்குக் காற்று ஓய்ந்துவிடும். வடகிழக்குக் காற்று வந்திராது. பெருங்காற்று இல்லாத அந்நாட்களில் சூரியனும், தரையும், கடற்காற்றும், மலைச்சரிவுமே அதிகாரம் செலுத்துகின்றன. விடியலில் வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருக்கும். பத்து மணிக்குள் தரை சூடேறும். இரு பக்கத்துக் கடலிலிருந்தும் கடற்காற்று உள்ளே வரும். குறுகிய நிலத்தில் இரண்டும் நெருங்கும்போது காற்றுக்கு மேலே செல்வதன்றி வேறு போக்கில்லை. மலைச்சரிவு அதற்கு ஏணியாகிறது. நண்பகலில் மேகக் குவியல், மூன்று மணிக்குக் கருங்கோபுரம், நான்கு மணிக்கு இடியும் மின்னலும். பூதப்பாண்டியில் வாய்க்கால் ததும்பும். சுசீந்திரத்தில் ஒரு தூறலும் இராது. மறுநாள் இது மாறியும் நடக்கலாம். சித்திரை, வைகாசி மாதங்களின் கோடைமழையும் இத்தன்மையதே.

நமக்கு அண்டையில் ஓர் உதாரணம்

மலைக்கு ஒரு கணக்கும் சமவெளிக்கு ஒரு கணக்கும் தனித்தனியே வேண்டும் என்பது புதிய எண்ணமன்று. நம் மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நாடு. அத்திருவிதாங்கூரில் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. 1852-இல் அதன் இயக்குநராக வந்த ஜான் ஆலன் பிரௌன் என்பவர், கீழே எடுக்கும் அளவுகள் மட்டும் போதா எனக் கருதி, 1855-ஆம் ஆண்டளவில் அகத்தியர் மலை உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டுவித்தார். ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரம், பாதையில்லாக் காடு, காற்றும் மழையும் ஓயாத முகடு. அங்கே ஆட்களை அமர்த்திக் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் குறிக்கச் செய்தார். மலையிலும் சமவெளியிலும் ஒரே காலத்தில் எடுத்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே அவருடைய நோக்கம்.

மன்னராட்சியின் பொருளும் ஓர் அறிஞரின் பிடிவாதமும் அன்று அதைச் சாதித்தன. இன்று நமக்கு மன்னரும் வேண்டுவதில்லை, மலையுச்சியும் வேண்டுவதில்லை. மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரையில் நம் சங்கங்களின் கட்டடங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி இருந்தால் அதுவே ஒரு பெரிய ஆய்வுக்கூடமாகும்.

மேகத்தால் வரும் நட்டம்

மேகத்தின் போக்கு அங்கத்தினரின் மடியை எவ்வாறு தொடுகிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கன்னிப்பூ அறுவடை கன்னி மாதத்தில் வருவதால் அப்பெயர் பெற்றது. அறுத்த நெல் களத்தில் கிடக்கும்போதே இடைப்பருவத்தின் மாலை மழை தொடங்கிவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. நான்கு மணி மழை ஒன்று, மூன்று நாள் காயவைத்த உழைப்பை அழித்துவிடும். அதே வாரத்தில் கும்பப்பூவுக்கு நாற்றங்கால் தயாராக வேண்டும். பின்னர் நடவுப்பயிர் தழைக்கும் காலத்தில் பல நாள் மந்தாரமும், தூறலும், இலையில் உலராத ஈரமும் நீடித்தால் குலைநோய் பரவும். நெற்பூ முற்பகலில் விரிவது. அந்நேரத்தில் பெய்யும் மழை மகரந்தத்தைக் கழுவிப் பதரை மிகுவிக்கும். மாலையில் பெய்யும் அதே மழையால் அத்தீங்கு இல்லை. ஆகவே ‘எவ்வளவு பெய்தது’ என்பதோடு ‘எப்போது பெய்தது’ என்பதும் கணக்கில் ஏற வேண்டும்.

இரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட இயலாது. மழைக்காப்பு கட்டாத மரங்கள் அன்று ஓய்வு கொள்ளும், தொழிலாளியும் கூலியின்றி ஓய்வு கொள்வார். மாசியில் இரப்பர் தளிர்விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் மதுவே தேனீக்களின் பெருவிருந்து. பருவம் தவறிய மழை அதனைக் கழுவிவிட்டால் தேன் வளர்ப்போர் கூண்டு காலியாகும். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கிராம்பும் வெயிலில் உலர்ந்தாலன்றி நிறமும் மணமும் நிலையா.

நெசவாளரின் நிலையோ உழவர் பலரும் அறியாதது. பருத்தி நூல் ஈரத்தோடு பிறந்த உறவுடையது. காற்று மிக உலர்ந்தால் நூல் முறுகி இழை அறும். அறுந்த இழையை முடிவதிலேயே நாள் கழியும். ஓரளவு ஈரமிருந்தால் நூல் வலுப்பெறும், நெசவும் ஓடும். ஈரம் மிகுந்துவிட்டாலோ வேறு துன்பம். தெருவில் விரித்துக் கஞ்சி தேய்த்த பாவு உலராது, இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பற்றும். பாதி உலர்ந்த பாவின்மேல் நான்கு துளி விழுந்தால் கஞ்சி கரைந்து மீண்டும் தொடக்கத்திலிருந்து வேலை. தொடர்மழையில் தறிக்குழியில் ஊற்றெடுத்துவிட்டால் மிதியில் கால் வைக்கவே இயலாது. பாவு இல்லாத தறிக்குக் கூலி இல்லை. ஆனால் அந்நாட்களிலும் அடுப்பு எரிய வேண்டும். தீபாவளி ஐப்பசியில் வருகிறது. துணிக்குத் தேவை மிகும் மாதத்திலேயே நெய்ய இயலாத நாட்கள் மிகுவது எவ்வளவு பெரிய முரண்!

இந்நட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டில் நிகழ்வதால் எவர் கண்ணிலும் பெரிதாகப் படுவதில்லை. சங்கத்தின் புத்தகத்தில் அவை ‘தவணை தவறியவர்’ என்ற தலைப்பின்கீழ் மட்டுமே இடம்பெறுகின்றன. வானம் செய்த பிழைக்கு அங்கத்தினரின் பெயரில் பற்று எழுதுவது நியாயமாகுமா?

கைப்பேசியில் முன்னறிவிப்பு வருகிறதே!

‘வானிலைத் துறை நாள்தோறும் அறிவிக்கிறது, கைப்பேசியைத் தட்டினால் படமே வருகிறது, நாம் ஏன் மழைமானி வைக்க வேண்டும்?’ என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. 1875-இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலைத் துறை இன்று செயற்கைக்கோள், ராடார், பெருங்கணினி ஆகியவற்றின் துணையோடு பெரும்பணி ஆற்றிவருகிறது. புயலையும் பெருமழையையும் அறிய அதைவிட்டால் நமக்குக் கதியில்லை. 2017 நவம்பர் 29-ஆம் நாள் இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாயிருந்தது, மறுநாளே ஓக்கிப் புயலாகி நம் வாழையையும் இரப்பரையும் தென்னையையும் வீழ்த்தியது. கடலுக்குச் சென்ற எத்தனையோ உயிர்களையும் கொண்டுசென்றது. அத்தகைய வேகத்துக்கு முன் எந்த ஊரின் மழைமானியும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆனால் இடைப்பருவத்து மாலைமழை வேறு இனம். அதற்கு அறிவிப்பில் வரும் சொல் ‘ஓரிரு இடங்களில்’ என்பது. அளவு நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை பெய்யக்கூடும் என்பதே அச்சொல்லின் பொருள். அந்த ஓரிடம் நம் களமா, அடுத்தவர் களமா என்பதை அது சொல்லவில்லை; சொல்லவும் இயலாது. 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த புதிய முன்கணிப்பு முறையில் நாடு முழுவதும் 6 கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. முன்பு இது 12 கிலோமீட்டராயிருந்தது. இது பெரிய முன்னேற்றமே. எனினும் நம் நாட்டில் 6 கிலோமீட்டருக்குள் மலைமுகடும், சரிவும், குளமும், வயலும் அடங்கிவிடுகின்றனவே! பெருங்கணினி விட்ட இடைவெளியை நிரப்ப வேண்டியவர் உள்ளூரார்.

மேலும், முன்னறிவிப்பு என்பது வரப்போவதைச் சொல்வது. பேரேடு என்பது வந்ததைச் சொல்வது. இழப்பீடு கோருவதற்கும், கடன் தவணையை மாற்றுவதற்கும், அதிகாரிகளிடம் முறையிடுவதற்கும் வேண்டுவது வந்ததன் சாட்சியமேயாகும். 2016 முதல் நடைபெற்றுவரும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளில், அறுத்து வயலில் காயவைத்த கதிர் 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையால் கெட்டால் தனித்தனியே இழப்பை மதிப்பிட இடமுண்டு. 72 மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும். நம் ஊரில் அந்நாளில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று கையொப்பமிட்ட ஏடு ஒன்று சங்கத்தில் இருந்தால், முறையீட்டுக்கு அது எவ்வளவு பலம்!

வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் இதன் அவசியம் பெருகியே வருகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது கொள்ளக்கூடிய ஆவி ஏறத்தாழ 7 சதவிகிதம் மிகும். பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கு இது வழி செய்கிறது. 2023 டிசம்பர் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அங்கே ஒரு மழைமானி இருந்ததனாலன்றோ உலகம் அதை அறிந்தது!

செய்யத்தக்கவை

முதலாவது, மழைமானி. நேரான சுவருடைய பாத்திரமும் ஓர் அளவுகோலுமே தொடக்கத்துக்குப் போதும். பின்னர் முறையான கருவி வாங்கலாம். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, வானிலைத் துறையின் வழக்கப்படி நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுத வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். ஏக்கருக்கு 4,047 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஓர் இலட்சம் லிட்டர் என்று அங்கத்தினர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். மழை தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம், காலையில் மலை எவ்வளவு மறைந்திருந்தது என்பவற்றையும் ஒரு வரியில் குறித்தல் நன்று. பள்ளி மாணவரையும் இப்பணியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, செய்திப் பரிமாற்றம். மலையடிவாரச் சங்கத்தின் காலைக் கணக்கு கீழ்ப்பகுதிச் சங்கங்களுக்கு உடனே செல்ல வேண்டும். மலையில் பெய்தது பழையாற்றில் இறங்கி வருவதற்குச் சில மணி நேரம் ஆகும். மேலே கொட்டியது கீழே தெரியாமையால், வெயிலடிக்கும் வயலில் வெள்ளம் புகுந்த அனுபவம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கைப்பேசியின் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது.

மூன்றாவது, கூரை. உழவருக்கு மூடிய உலர்களமும், நெசவாளருக்குப் பாவோட்டக் கொட்டகையும் வேண்டும். நெசவாளர் சங்கமும் வேளாண்மைச் சங்கமும் அடுத்தடுத்துள்ள ஊர்களில் ஒரே நீண்ட கொட்டகையை இரண்டுக்கும் பயன்படுத்தலாகாதா? நெல் காயும் வாரங்களும் பாவு ஓடும் நாட்களும் பேசி ஒழுங்கு செய்துகொள்ளக்கூடியவை.

நான்காவது, ஈரமாத நிதி. உலர்ந்த மாதங்களில் ஒவ்வொரு நெசவாளரும் வேலை நாளுக்கு 5 ரூபாய் ஒதுக்கி, 200 நாட்களுக்குச் சேர்த்தால் ஆண்டுக்கு 1,000 ரூபாயாகும். நூறு பேர் உள்ள சங்கத்தில் ஓர் இலட்சம். பேரேட்டின்படி குறித்த அளவுக்கு மேல் மழை நீடித்த நாட்களில், விண்ணப்பமும் விசாரணையும் இன்றி, இந்நிதியிலிருந்து முன்பணம் தரலாம். உழவரின் கடன் தவணையையும் அறுவடைக்கால மழையின் பதிவைப் பார்த்துத் தள்ளிவைக்குமாறு சட்டத்துக்குட்பட்டு மகாசபையில் தீர்மானிக்கலாம்.

எதிர்வாதங்களுக்கு விடை

இதனை எதிர்ப்போர் கூறக்கூடியவை இரண்டு. ‘ஐந்து ரூபாயும் இழக்க முடியாத நிலையில் நெசவாளர் இருக்கிறார்’ என்பது ஒன்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. குறைந்த கூலியை மழைநிதி ஈடுசெய்துவிடாது. கூலி உயர்வுக்கான கோரிக்கைக்கு அது மாற்றுமன்று. ஆனால் இன்று மழை மாதத்தில் அவர் வெளியே வாங்கும் கைமாற்றுக்கு வட்டி உண்டு. அவ்வட்டி ஒதுக்கும் தொகையைவிடச் சிறியதாக இருக்கப்போவதில்லை. தம் பணத்தைத் தாமே கடனாகப் பெறுவதற்கு வட்டியில்லை, தலைகுனிவுமில்லை.

‘பேரேட்டை எழுதுவோர் தமக்கு வேண்டியவர்க்காக மழையைக் கூட்டி எழுதிவிட மாட்டாரா?’ என்பது மற்றொன்று. எழுதக்கூடும். ஆகவேதான் பரிமாற்றம் வேண்டும் என்கிறோம். நாள்தோறும் கணக்கு மூன்று சங்கங்களுக்குச் சென்றுவிட்டால் பின்னர்த் திருத்த இயலாது. அளவை அறிவிப்புப் பலகையிலும் எழுதிவைத்தால், நனைந்தவர்களும் நனையாதவர்களும் படித்துப் பார்ப்பர். ஊரார் எல்லோரும் நேரில் கண்ட மழையில் பொய் சொல்லுவது, எவரும் காணாத சரக்கிருப்பில் பொய் சொல்லுவதைப்போல் எளிதன்று.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பையே வைத்தார். நாமோ நம் சங்கத்தின் நிகழ்ச்சிநிரலில் வானத்துக்குக் கடைசி இடமும் கொடுத்ததில்லை. பேச்சிப்பாறையையும் பெருஞ்சாணியையும் கட்டியவர்கள் மலைமேல் விழும் நீரை மதித்துக் கணக்கிட்டதனால்தான் இன்று நம் வயல் பசுமையாயிருக்கிறது. அவர்கள் கணக்கிட்டது ஆற்று நீரை. நாம் கணக்கிட வேண்டுவது நம் முற்றத்தில் விழும் நீரை. அதனால் வேலையிழக்கும் நாளை. அந்நாளில் எரியாத அடுப்பை.

அடுத்த மகாசபையில் ஒவ்வொரு சங்கத்திலும் ஓர் அங்கத்தினராவது எழுந்து, மழைமானி வாங்கவும் பேரேடு தொடங்கவும் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறோம். அதற்காகும் செலவு, கூட்டத்தன்று வழங்கும் காப்பிச் செலவுக்கு மேற்படாது. ஐப்பசிக்கு முன்பே முதல் வரி எழுதப்பட்டிருக்கட்டும்.